தீயில் வைத்துப் பார்த்த வால்வு

என் மேசையில் பாதியாக அறுத்த இரண்டு இன்ச் பால் வால்வு ஒன்று இருக்கிறது. துளையுள்ள உலோகப் பந்தைத் திருப்பி வழியைத் திறந்து மூடும் வகை. வெளிப்புறம் கருகி, செதில் செதிலாக உரிந்திருக்கும். உள்ளே, பந்து அழுந்தி உட்காரும் வளையமான சீட் இருந்த பள்ளத்தில் வெளுத்த பொடி கொஞ்சம் ஒட்டியிருக்கும். டெஃப்லானோடு கலந்திருந்த கண்ணாடி இழை அது. டெஃப்லான் போய்விட்டது, இழை மட்டும் மிஞ்சியிருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் அதைக் கையில் எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி, "சீட் எங்க சார்?"

சீட் எரிந்துவிட்டது. எரிந்த பிறகும் அந்த வால்வு வழியை அடைத்தபடிதான் நின்றது. அதற்கு முன் நாங்கள் தீயில் வைத்த வால்வு நிற்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் என்னென்ன கற்றுக்கொண்டோம், அதற்குப் பிறகு இத்தனை வருடங்களில் வேறு எங்கெல்லாம் இடறினோம் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். வால்வு செய்கிறவர்கள், வாங்குகிறவர்கள், பிரித்துப் பூட்டுகிறவர்கள் மூவருக்கும் இதில் வேலை இருக்கிறது.

நான் கோயம்புத்தூர்க்காரன். ஃபவுண்டரியும் லேத் பட்டறையும் தெருவுக்குத் தெரு இருக்கும் ஊர் என்பதால் பம்புக்கு அடுத்தபடியாக இங்கே வால்வுத் தொழிலும் வேரூன்றியிருக்கிறது. படிப்பு முடித்து வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் சேர்ந்தேன். சேர்ந்த ஏழாவது மாதம், கிளாஸ் 600 என்ற அழுத்த வகுப்பில், பந்து கொஞ்சம் நகரக்கூடிய ஃப்ளோட்டிங் வகை இரண்டு இன்ச் பால் வால்வுக்கு, ஏபிஐ 607 என்ற அமெரிக்கத் தரநிலைப்படி தீ சோதனை செய்ய முடிவெடுத்தார்கள். அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர் அடித்துப் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட்டும், காற்று வைத்துக் குமிழி பார்க்கும் சீட் டெஸ்ட்டும்தான். அந்த இரண்டிலும் ஒரு சொட்டு வந்தாலே வால்வைத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

தீ சோதனை அப்படிப்பட்டது இல்லை. முதலில் இது பலருக்கும் ஏமாற்றமாக இருக்கும், ஆனால் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். இரண்டு இன்ச் வால்வுக்கு, உயர் அழுத்தத்தில், சீட் வழியாக நிமிடத்துக்கு 800 மி.லி. வரை தண்ணீர் கசிந்தாலும் அது பாஸ். பந்தைத் திருப்பும் தண்டான ஸ்டெம், பாடித் துண்டுகள் சேரும் ஜாயிண்ட் வழியாக வெளியே நிமிடத்துக்கு 200 மி.லி. வரை போகலாம். அரை மணி நேரம் எரிப்பதில் உள்கசிவாக 24 லிட்டர் போய்விட்டு, "தீ சோதனையில் தேறியது" என்ற சான்றிதழோடு ஒரு வால்வு வெளியே வரலாம். அதனால்தான் இதேபோன்ற சோதனைக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 10497 தன் தலைப்பிலேயே தீ வகைச் சோதனை என்ற பொருளில் பேசுகிறது. தீயால் ஒன்றும் ஆகாத வால்வு என்று எந்தத் தரநிலையும் உத்தரவாதம் தருவதில்லை. தீப்பிடித்த இடத்தில் அந்த வால்வு, தீயை ஊட்டும் எரிபொருளின் வழியைக் கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடித்திருக்கும். எரிபொருள் வரும் மேல்பக்கத்தில் அடைத்து ஆட்களை வெளியேற்ற அந்த நேரம் போதும் என்பதுதான் கணக்கு.

சோதனை நாள் காலையில் இருந்தே பரபரப்பு. ஷெட்டுக்குப் பின்னால் மூன்று பக்கமும் செங்கல் சுவர் வைத்த ஒரு கூண்டு. வால்வைச் சுற்றிலும் மேலேயும் குறைந்தது 150 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும், தீ முழுதாகச் சூழ்ந்துகொள்ள. எல்பிஜி சிலிண்டர் வரிசையாகத் தள்ளி வைத்திருந்தார்கள். வால்வு மூடிய நிலையில், ஸ்டெம் படுக்கைவாட்டில் இருக்கும்படி மாட்டியாகிவிட்டது. மேல்பக்கம் முழுக்கத் தண்ணீர், 76 பார் அழுத்தம். அந்த வால்வின் சீட் 20 டிகிரியில் தாங்கும் உச்ச அழுத்தத்தில் 75 சதவீதம் அது. வெளியேறும் பக்கமான கீழ்ப்பக்கக் குழாய் காலி. அது ஒரு கண்டென்சர் வழியாக அளவுப் பாத்திரத்துக்குப் போகும், ஏனென்றால் கசிவது நீராவியாகத்தான் வரும்.

வால்வின் பக்கத்தில் மூலைக்கு ஒன்றாகச் சின்ன இரும்புக் கட்டிகள் தொங்கின. 38 மி.மீ. கனசதுரம், நடுவில் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள். தீயின் சூட்டைக் காட்ட வேறு தெர்மோகப்பிள்கள் இருக்கின்றனவே, இது எதற்கு என்று நான் கேட்டேன். எங்கள் ஃபோர்மேன் அண்ணா, முப்பது வருட அனுபவம் உள்ளவர், பொறுமையாகச் சொன்னார்: "தீ சூடா இருக்கறது வேறங்க தம்பி. அந்தச் சூடு இரும்புக்குள்ள எறங்குச்சான்னு பாக்கத்தான் அந்தக் கட்டி." அதுதான் சரியான விளக்கம். பற்றவைத்த 2 நிமிடத்துக்குள் தீயின் சராசரி 750 டிகிரியைத் தொட வேண்டும். 15 நிமிடத்துக்குள் அந்தக் கட்டிகளின் சராசரி 650ஐத் தொட வேண்டும். காற்று அடித்துத் தீ ஒரு பக்கம் சாய்ந்தால் கட்டி காட்டிக் கொடுத்துவிடும். அன்று அதற்காகவே கூண்டின் திறந்த பக்கத்தில் தகரம் வைத்தோம்.

பற்றவைத்ததும் எல்லோரும் தடுப்புக்குப் பின்னால் போய்விட்டோம். மூடிய பால் வால்வுக்குள், இரண்டு சீட்டுக்கும் நடுவே உள்ள குழியில் தண்ணீர் சிறைப்பட்டிருக்கும். சூடேறினால் அது போக வழி வேண்டும், இல்லையென்றால் பாடியையே பிளந்துவிடும். எங்கள் வால்வில் அழுத்தம் கூடினால் மேல்பக்கத்துக்கே விட்டுவிடும் சீட் அமைப்பு இருந்தது. இருந்தும், சோதனை அமைப்பில் பாதுகாப்புக்காகத் தனி ரிலீஃப் ஒன்றும் பூட்டியிருந்தோம். இதைச் செய்யாமல் தீ சோதனைக்குப் போகக் கூடாது. எரிகிற வால்வைக் கிட்டப் போய்ப் பார்க்கிற ஆசை யாருக்கும் வரவும் கூடாது.

பதினோராவது நிமிடமோ பன்னிரண்டோ, கீழ்ப்பக்கப் பாத்திரத்தில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் திடீரென்று ஓடத் தொடங்கியது. நான் பதறிவிட்டேன். ஃபோர்மேன் அண்ணா அசையவில்லை. "சீட்டு போகுது. இருங்க." ஒரு நிமிடத்துக்குள் ஓட்டம் இளைத்து மறுபடி சொட்டாக மாறியது. டெஃப்லான் 327 டிகிரியில் உருகும். கீழ்ப்பக்கச் சீட் தளர்ந்து போனதும், 76 பார் தள்ளுகிற பந்து கொஞ்சம் முன்னால் நகர்ந்து, சீட்டுக்குப் பின்னால் பாடியில் கடைந்து வைத்திருக்கும் உலோக விளிம்பில் போய் உட்கார்ந்துவிட்டது. உலோகத்தில் உலோகம். ஃப்ளோட்டிங் பால் வால்வின் தீப்பாதுகாப்பே அந்த விளிம்பில்தான் இருக்கிறது. டிராயிங்கில் பார்த்தால் ஒரு சின்னக் கோடு. அந்த நிமிடம் வரை அந்தக் கோட்டை நான் கவனித்தது கிடையாது.

இன்னொன்றும் அன்றைக்குப் புரியவில்லை, பிறகு புரிந்தது. மேல்பக்கச் சீட் பெரிதாகச் சேதமாகவில்லை. 76 பார் அழுத்தத்தில் தண்ணீர் ஏறத்தாழ 290 டிகிரியில்தான் கொதிக்கும். தண்ணீர் நிறைந்திருக்கும் பக்கம், வெளியே எவ்வளவு எரிந்தாலும், அந்தக் கொதிநிலையைத் தாண்ட நேரமெடுக்கும். அதாவது சோதனையில் தண்ணீரே வால்வைக் குளிர்விக்கவும் செய்கிறது. வாயு ஓடும் லைனில் இந்தச் சலுகை கிடையாது. சான்றிதழைப் படிக்கும் எவரும் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

30 நிமிடம் முடிந்தது. பர்னரை அணைத்தோம். கசிவுக் கணக்கு வரம்புக்குள்தான் இருந்தது. ஒருவருக்கொருவர் கை குலுக்காத குறை. அடுத்து, 10 நிமிடத்துக்குள் வால்வை 100 டிகிரிக்குக் கீழே கொண்டுவர வேண்டும். தண்ணீர் அடித்தோம். புஸ்ஸென்று வெண்புகை. புகை கலைந்தபோது, இரண்டு பாடித் துண்டுகளும் சேரும் இடத்தில் சுற்றிலும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வால்வுக்குத் தண்ணீர் தரும் பக்கத்து லெவல் கேஜில் மட்டம் கண்ணெதிரே இறங்கியது. எரித்தது, குளிர்வித்தது இரண்டையும் சேர்த்துச் சராசரி போட்டால் வெளிக்கசிவு நிமிடத்துக்கு 340 மி.லி. ஃபெயில்.

வால்வு தீயில் தாங்கிவிட்டு, தண்ணீரில் தோற்றது. அதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. இரண்டு பாடித் துண்டுக்கும் நடுவே, கசிவை அடைக்கும் கேஸ்கெட்டைக் கடிக்க வைக்கும் பொருட்டு ஒன்றரை மி.மீ. இடைவெளி விட்டிருந்தோம். சாதாரண நாளில் அது நல்ல இறுக்கம் கொடுக்கும். தீயில் அந்த இடைவெளி வழியாகச் சூடு நேராக, இரண்டு துண்டையும் இறுக்கும் போல்ட்டான ஸ்டட்டைப் பிடித்தது. பி7 என்ற எஃகு வகை ஸ்டட்டுகள் 650 டிகிரியைப் பார்த்தால் பழைய இழுவிசையோடு திரும்பாது, தளர்ந்து நீண்டுவிடும். சூட்டில் பாடியும் சேர்ந்து விரிந்திருந்ததால் தளர்ச்சி வெளியே தெரியவில்லை. தண்ணீர் அடித்துப் பாடி சுருங்கியதும் ஸ்டட் நீண்டபடியே இருந்துவிட்டது. கேஸ்கெட்டைப் பிடித்திருக்க ஆளில்லை.

டிசைன் பிரிவில் இருந்த மூத்தவர் ஒருவர் டிராயிங்கை மாற்றினார். இரண்டு பாடித் துண்டும் நேருக்கு நேர் உலோகத்தோடு உலோகம் முட்டி நிற்கும். கேஸ்கெட் ஒரு மூடிய பள்ளத்துக்குள், ஸ்டீல் பட்டையும் கிராஃபைட்டும் சேர்த்துச் சுற்றிய ஸ்பைரல் வவுண்ட் வகை. எவ்வளவு நசுங்க வேண்டும் என்பதைப் பள்ளத்தின் ஆழம் தீர்மானிக்கும், ஸ்டட்டின் தயவு வேண்டாம். ஸ்டட்டின் வெளியே தெரியும் நீளமும் குறைந்தது. வால்வு வடிவமைக்கும் இளம் பொறியாளர்கள் பந்து, சீட் பற்றித்தான் நிறையப் பேசுகிறார்கள். நான் பார்த்தவரை தீ சோதனையில் வால்வுகள் தோற்பது பெரும்பாலும் ஜாயிண்டிலும், ஸ்டெம்மைச் சுற்றி அடைக்கும் கிளாண்டிலும்தான்.

இரண்டாவது சோதனைக்கு முதல் நாள் மாலை, ஃபோர்மேன் அண்ணா பிடிவாதமாக ஒரு காரியம் செய்யச் சொன்னார். தீ வைக்காமல், 76 பார் ஏற்றி, அரை மணி நேரம் சும்மா விடச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "வெளிக்கசிவ எப்படிங்க கணக்குப் பண்றோம்?" என்று திருப்பிக் கேட்டார். அப்போதுதான் உறைத்தது. வெளியே போகும் தண்ணீரை யாரும் பிடித்து அளப்பதில்லை. லெவல் கேஜில் எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, அதில் கீழ்ப்பக்கம் சேர்ந்த தண்ணீரைக் கழிக்கிறோம். மிச்சமெல்லாம் வெளிக்கசிவு. வால்வின் முனையைக் குழாயோடு சேர்க்கும் இணைப்பின் கசிவை மதிப்பீட்டில் சேர்க்கக் கூடாது என்று தரநிலையே சொல்கிறது. ஆனாலும் எங்கள் குழாயில் எங்கே சொட்டினாலும் அது கழித்தல் கணக்கில் வால்வின் தலையில்தான் விழும்.

அரை மணியில் கேஜில் மட்டம் இறங்கியிருந்தது. டார்ச் அடித்துக்கொண்டு தேடினோம். கேஜிலிருந்து வால்வுக்கு வரும் அரை இன்ச் குழாயில், சுவரை ஒட்டிய ஒரு ஃபிட்டிங்கின் அடியில் தரை ஈரமாக இருந்தது. குழாயைக் கவ்விப் பிடிக்கும் ஃபெரூல் வளையம் சரியாக உட்காரவில்லை. மாற்றிவிட்டு மறுபடி அரை மணி. மட்டம் அசையவில்லை. "இப்பப் பத்த வைக்கலாங்க" என்றார். "சரிங்ண்ணா" என்றேன், வேறென்ன சொல்ல.

மறுநாள் தேறினோம். சீட் வழியாக நிமிடத்துக்கு 310, வெளிக்கசிவு 90. ஆறிய பிறகு 2 பார் குறைந்த அழுத்தத்தில் 5 நிமிடம் சீட் கசிவு பார்க்க வேண்டும். அங்கே வரம்பு 80 மி.லி., எங்களுக்கு 26 வந்தது. அழுத்தம் குறையும்போதுதான் பந்தை விளிம்போடு அழுத்தும் விசையும் குறையும், அதனால் இந்தக் கட்டம் எளிதல்ல. அப்புறம் முழு அழுத்தத்தை எதிர்த்து வால்வைத் திறக்க வேண்டும். லீவரில் நீளக் குழாய் செருகி இருவர் இழுத்தோம். ஒரு கரகரப்புச் சத்தத்தோடு திறந்தது. திறந்த நிலையில் ஸ்டெம்மிலும் ஜாயிண்டிலும் கசிவு மறுபடி அளந்தோம். சாட்சிக்கு வந்த மூன்றாம் தரப்பு இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு எண்ணையும் தானே எழுதிக்கொண்டார். என் மேசையில் இருப்பது அந்த வால்வுதான்.

சான்றிதழ் கையில் வந்தது. அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். சான்றிதழ் என்பது என்ன என்று உண்மையில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நான்கு வருடம் கழித்து வந்த ஒரு பெண் இன்ஸ்பெக்டர். ஏற்றுமதி ஆர்டர், பெட்டி கட்டத் தயாராக இருந்தது. அவர் எங்கள் தீ சோதனைச் சான்றிதழை மேசையில் விரித்தார். பக்கத்தில் அந்த ஆர்டரின் டிராயிங்கை விரித்தார். இரண்டின் மேலும் ஒவ்வொரு விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "சோதனை பண்ணின வால்வில் சீட் எது? இந்த வால்வில் சீட் எது?" சோதித்தது கண்ணாடி இழை கலந்த டெஃப்லான். ஆர்டருக்கு, வாடிக்கையாளர் கேட்டபடி, பீக் என்ற வேறொரு பிளாஸ்டிக்கில் சீட் போட்டிருந்தோம். யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. "அப்படின்னா இந்தச் சர்ட்டிஃபிகேட் இந்த வால்வுக்கு இல்லை, சார்" என்றார். கோபமில்லை, அழுத்தமும் இல்லை. ஆர்டர் நின்றது. பீக் சீட்டுக்குத் தனியாகத் தீ சோதனை செய்து முடித்த பிறகுதான் பெட்டி கிளம்பியது. அன்று எங்கள் பக்கம் முணுமுணுத்தவர்கள் உண்டு. அவர் செய்ததுதான் சரி என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

அதிலிருந்து நான் வாங்குகிறவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது இது. "உங்களிடம் தீ சோதனைச் சான்றிதழ் இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரிடமும் ஏதோ ஒன்று இருக்கும். எந்த டிராயிங் எண், அதன் எந்தத் திருத்தம், எந்த அளவு, எந்த கிளாஸ், சீட் என்ன, ஸ்டெம்மைச் சுற்றி அடைக்கும் ஸ்டெம் பேக்கிங் என்ன, பாடி கேஸ்கெட் என்ன என்று கேளுங்கள். ஒரு வால்வைச் சோதித்தால் அதே டிசைனில் வேறு அளவுகளுக்கும் அது செல்லும் என்பது உண்மை. ஏபிஐ 607இல் இரண்டு இன்ச் தேறினால் நான்கு இன்ச் வரை செல்லும். எட்டு இன்ச் தேறினால் அதற்கு மேலே உள்ள அளவுகளுக்கும் செல்லும். கிளாஸ் 150இல் சோதித்தது 300க்கும், 300இல் சோதித்தது 600க்கும் ஆகும். ஆனால் டிசைன் அதேதானா என்பதே கேள்வி. ஃப்ளோட்டிங் வால்வின் சான்றிதழைக் காட்டி டிரனியன் வால்வை விற்க முடியாது. டிரனியனில் பந்து நகராது, சீட்தான் ஸ்பிரிங்கோடு வந்து அமரும். சீட்டுக்குப் பின்னால் ஓ-ரிங் எரிந்தபின் அந்த வழியை அடைக்கக் கிராஃபைட் வளையம் இருக்க வேண்டும். தோற்கும் இடமே வேறு.

எந்தப் பதிப்பு என்றும் பாருங்கள். ஏபிஐ 607இன் எட்டாம் பதிப்பு 2022இல் வந்தது, ஐஎஸ்ஓ 10497இன் நான்காம் பதிப்பும் அதே ஆண்டு. ஏபிஐ 6டி தரநிலைப்படி செய்த பைப்லைன் வால்வுகளுக்கு ஏபிஐ 6எஃப்ஏ என்ற தீ சோதனையைக் கேட்பார்கள், அதன் ஐந்தாம் பதிப்பு 2020. 1993இல் வெளிவந்த ஏபிஐ 607 நான்காம் பதிப்பின்படி சோதித்த பழைய காகிதங்களை இன்னும் ஃபைலில் வைத்து நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பழையது என்பதாலேயே அது தவறு ஆகிவிடாது. உங்கள் ஆர்டரில் எந்தப் பதிப்பு கேட்டிருக்கிறீர்களோ அதற்கு அது பொருந்துகிறதா என்பதே பேச்சு. சான்றிதழின் முதல் பக்கத்தோடு நிற்காமல், வெப்பநிலைப் பதிவும் கசிவு எண்களும் உள்ள பக்கங்களையும் கேட்டு வாங்குங்கள். வரம்பு 800 உள்ள இடத்தில் 780 வந்த வால்வும் தேறியதுதான், 300 வந்ததும் தேறியதுதான். எதை வாங்குவது என்பது உங்கள் கையில்.

இன்னும் ஒன்று, வால்வைத் திருப்பும் ஆக்சுவேட்டர். சோதனை வால்வுக்கும், அதோடு சேர்ந்த கைச்சக்கர கியர்பாக்ஸ் போன்றவற்றுக்கும்தான். மோட்டாரோ காற்றோ வைத்து இயக்கும் ஆக்சுவேட்டருக்கு இந்தச் சான்றிதழ் எதுவும் சொல்வதில்லை. தீ வந்ததும் வால்வு மூட வேண்டும் என்றால் யார் மூடுவது? காற்று ஆக்சுவேட்டரில் ஸ்பிரிங் இருந்தால், காற்றுக் குழாய் எரிந்ததும் அழுத்தம் போய் ஸ்பிரிங் மூடிவிடும். மோட்டார் வைத்தது என்றால் மூடி முடிக்கும்வரை கேபிளும் மோட்டாரும் தீயைத் தாங்கியாக வேண்டும்.

ஜெய்ப்பூர் சீதாபுரா எரிபொருள் கிடங்கில் 2009 அக்டோபர் 29 அன்று நடந்ததை இந்தத் தொழிலில் உள்ள எவரும் மறக்க முடியாது. பெட்ரோல் டேங்கிலிருந்து லைன் மாற்றும்போது தகடு வைத்து வழியை அடைக்கும் ஹேமர் பிளைண்ட் வால்வின் திறப்பு வழியாகப் பெட்ரோல் பீய்ச்சியது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக யாராலும் அருகே போய் மூட முடியவில்லை. ஆவி பரவி வெடித்தது. 11 பேர் இறந்தார்கள், தீ 11 நாள் எரிந்தது. அதன் பிறகு அந்த விபத்தை விசாரித்த எம்.பி. லால் குழு, டேங்கின் முதல் வால்வு தொலைவிலிருந்து மூடக்கூடியதாகவும், மின்சாரமோ காற்றோ போனால் தானே மூடுவதாகவும், தீ சோதனை கண்டதாகவும் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அங்கே தீ வருவதற்கு முன்பே மூடும் வழி இல்லாமல் போனது. அதை நினைவில் வைத்தால், தீ சோதனைச் சான்றிதழ் ஒன்று மட்டும் ஏன் போதாது என்பது விளங்கும்.

எங்கள் பட்டறைக்கே திரும்புகிறேன். ஆறேழு வருடத்துக்கு முன்னால், ஸ்டோரில் வந்த ஸ்டெம் பேக்கிங்கை எடுத்துப் பார்த்த ஃபிட்டர் ஒருவர், "சார், இது கையில ஒட்டவே மாட்டேங்குது" என்று கொண்டுவந்தார். நல்ல கிராஃபைட் பேக்கிங்கைத் தேய்த்தால் விரலில் கரி ஒட்டும். இது கறுப்பாக, அதே பின்னல், அதே அளவு, ஆனால் வழவழப்பாக இருந்தது. பர்ச்சேஸில் விலை குறைவென்று மாற்றியிருந்தார்கள். கிராஃபைட் கலந்த டெஃப்லான் பேக்கிங் அது. கெமிக்கல் லைனுக்கு அருமையான பொருள், தீயில் நிற்காது. எக்ஸாஸ்ட் உள்ள மஃபிள் ஃபர்னஸில் இரண்டையும் ஒரு துண்டு வைத்துப் பார்த்தோம். 400 டிகிரியில் பழையது வைத்தபடி இருந்தது. புதியது சுருங்கித் தொய்ந்துவிட்டது. இதைத் திறந்த இடத்தில் டார்ச் வைத்துச் செய்யாதீர்கள், டெஃப்லான் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை நுரையீரலுக்கு ஆகாது. அந்த லாட்டில் நாற்பதுக்கு மேல் வால்வுகள் அசெம்பிளி ஆகிவிட்டிருந்தன. எல்லாவற்றையும் பிரித்து மாற்றினோம். அன்றிலிருந்து பர்ச்சேஸ் ஆர்டரில் "கிராஃபைட் பேக்கிங்" என்று எழுதுவதில்லை. தீ சோதனையில் இருந்த கிரேடின் பெயர், தூய்மை அளவு, மாற்று ஏற்கப்படாது என்ற வரி, இவை மூன்றும் இருக்கும். அந்த ஃபிட்டரின் விரல் நுனிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

கசிவு, தீ என்று பேசும்போது பொறியை விட்டுவிடக் கூடாது. டெஃப்லான் சீட்டுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் பந்தில் நிலைமின்சாரம் தேங்கும். அதனால் பந்துக்கும் ஸ்டெம்முக்கும், ஸ்டெம்முக்கும் பாடிக்கும் ஸ்பிரிங் வைத்த தொடர்பு இருக்கும். உலர்ந்த புது வால்வை ஐந்து முறை திறந்து மூடிவிட்டு, 12 வோல்ட்டுக்கு மேற்படாத மின்சாரத்தில் அளந்தால் மின்தடை 10 ஓமுக்குள் இருக்க வேண்டும். சில நிமிட வேலைதான்.

என்னை மிகவும் உலுக்கியது போன வருடம் பார்த்தது. கடற்கரையோரம் ஓர் எரிபொருள் கிடங்கு. பராமரிப்பு நிறுத்தத்தின்போது எங்கள் பழைய வால்வுகளைப் பார்த்துத் தரச் சொல்லி அழைத்திருந்தார்கள். பெயர்த்தகட்டில் தீ சோதனை முத்திரை பளிச்சென்று இருந்தது. ஒன்றைப் பிரித்தோம். பாடி ஜாயிண்டில் ஸ்பைரல் வவுண்ட் கேஸ்கெட்டுக்குப் பதில், கத்தரிக்கோலால் வெட்டிய ரப்பர் ஷீட். பள்ளத்தின் ஆழத்துக்கு ரப்பர் தடிமன் பத்தாமல் இரண்டு அடுக்காக வைத்திருந்தார்கள். கிளாண்டில் வெள்ளை டெஃப்லான் வளையங்கள். எப்போதோ ஒரு ராத்திரி கசிந்திருக்கிறது. கையில் இருந்ததை வைத்து அடைத்திருக்கிறார்கள். கசிவு நின்றிருக்கிறது. அப்படியே வருடக்கணக்கில் பெட்ரோல் லைனில் நின்றிருக்கிறது.

அந்த சூப்பர்வைசர் நல்ல மனிதர். மறைக்கவில்லை. "ஹைட்ரோவில் நிற்குது சார், அதனால் சரியா இருக்குன்னு நினைச்சோம்" என்றார். ஹைட்ரோவில் ரப்பரும் நிற்கும். எரியும்போதுதான் எது எது என்று தெரியும். அவருடைய ஆட்களைக் கூப்பிட்டு, அறுத்த வால்வின் படத்தை போனில் காட்டினேன். சீட் எரிந்த பிறகு மிச்சமிருப்பது கேஸ்கெட்டும் பேக்கிங்கும்தான், அதையும் மாற்றிவிட்டால் முத்திரை வெறும் எழுத்து என்று விளக்கினேன். ஒரு பையன், ஹெல்பராக இருப்பவன், அந்த ரப்பர் வளையத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனாகவே அதை வெட்டியிருக்கவும் கூடும். நான் கேட்கவில்லை.

அன்று மாலையே ஒரு பட்டியல் போட்டோம். தீ சோதனை முத்திரை உள்ள ஒவ்வொரு வால்வுக்கும் அதன் சீரியல் எண், அதற்குரிய ரிப்பேர் கிட் எண், கடைசியாகப் பிரித்த தேதி. ஸ்டோரில் அந்த கிட்டுகளைத் தனி அலமாரியில் வைப்பது. ராத்திரி நேரத்தில் சாவி கிடைக்கும்படி வைப்பது, ஏனென்றால் ராத்திரியில் கிட் கிடைக்காததால்தான் ரப்பர் வந்தது. பிரித்துப் பூட்டும்போது எந்த கிட் போட்டோம் என்று எழுதி, பழைய கேஸ்கெட்டைப் பையில் போட்டு ஒப்படைப்பது.

இரண்டு மாதம் கழித்து அந்த சூப்பர்வைசர் போன் செய்தார். 41 வால்வில் 38 முடித்துவிட்டதாகவும், மூன்றில் பெயர்த்தகடு மேலேயே பெயிண்ட் அடித்துவிட்டதால் சீரியல் எண் படிக்க முடியவில்லை என்றும் சொன்னார். ஊகித்து எந்த கிட்டையும் போட வேண்டாம், தகடு கீறாமல் தின்னரில் துணி நனைத்துத் துடைத்துப் பாருங்கள், பக்கத்தில் வெல்டிங் போலத் தீப்பொறி பறக்கும் ஹாட் வொர்க் எதுவும் நடக்காத நேரமாகச் செய்யுங்கள் என்றேன். நாளைக் காலை முதல் வேலை அதுதான், எண் தெரிந்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தார்.